பன்னிரண்டுக்கு எட்டு

படம் வாட்ஸ்அப்பில் வந்தது, உள்ளங்கை அகலம்.
"இதைப் பன்னிரண்டுக்கு எட்டு அடியில் அடிச்சுக் கொடு, தில்ஷாத்,
சாப்பிடுற ஹாலில் ஒரு சுவர் முழுக்க" என்றார் திம்மராயப்பா.
பைபாஸில் அவருடைய புது ஓட்டல்.

அடியில் கிருஷ்ணகிரி என்று இங்கிலீஷில்,
காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதியிருந்தான் எவனோ.
எந்தத் துரை, எந்த வருஷம், தெரியாது.
லண்டனில் அச்சாகி
எங்கள் லண்டன்பேட்டைச் சந்துக்கு வந்து சேர
இருநூறு வருஷம், கூடக்குறைய.

மலை அவ்வளவு உயரமில்லை.
மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது தினம் பார்க்கிறேன்,
கொடிக்கயிற்றுக்கு மேலே ஒரு முழம்.
அவன் அதை மேகம்வரை இழுத்துவிட்டான்.
பக்கத்தில், இல்லாத சிகரம் ஒன்றையும்
சும்மா நிறுத்தியிருந்தான்,
கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளைக்குப் பின்னால்
நான் சுவிட்சர்லாந்தை நிறுத்துவதுபோல.
தொழில் புரிந்தது. கோபம் வரவில்லை.

எங்கே நின்று வரைந்திருப்பான்?
ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியில் சுற்றினேன்,
போனைத் தூக்கிப் பிடித்து
மலையோடு மலையைப் பொருத்திக்கொண்டு.
பழையபேட்டை சரிவரவில்லை.
மாங்கூழ் பேக்டரிக்கு எதிரே கிட்டத்தட்ட வந்தது.
முழுசாக வர இன்னும் பத்தடி இடது பக்கம் போகணும்.
அவனுக்கு அங்கே மூன்று மரம், ஒரு குட்டை, இரண்டு மாடு.
எனக்கு ரோட்டின் நடுவே அரளிச்செடி,
திட்டிக்கொண்டே போன ஒரு நாமக்கல் லாரி.

ஒன்று மட்டும் அப்படியே இருந்தது.
சரிவில் ஒரு பாறை,
இதோ உருண்டுவிடும் என்று.
அதை மட்டும் அவன் கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை.
இன்று அதன்மேல் சுண்ணாம்பில் ஏதோ கட்சிச் சின்னம், பாதி அழிந்து.
அன்றிலிருந்து விழப்போகிறது.

பெரிதாக்கியபோதுதான் மனிதனைப் பார்த்தேன்.
முண்டாசு, கோவணம், முகம் கிடையாது,
ஏழெட்டுக் கோடுதான் ஆள்.
கையை நீட்டி மலையைக் காட்டிக்கொண்டிருந்தான்.
யாருக்கு? அவன் எதிரில் மாடுதான் நின்றது.
எத்தனை நாள் நிறுத்திவைத்தார்கள் அப்படி,
கூலி கொடுத்தார்களா,
இல்லை அவனும் சிகரம்போலச் சும்மா வைத்ததா?

சுவரை அளக்கப் போனேன்.
திம்மராயப்பா தலையில் கைவைத்தார்.
படத்துக்கு வலப்பக்கம் கழிவறைக் கதவு.
மனிதனின் விரல் நேராக அங்கே.
"வர்றவன் எல்லாம் சிரிப்பானே!
ஆளைத் தூக்கிடு. இல்லாட்டி மொத்தப் படத்தையும் திருப்பிப் போடு.
எவனுக்குத் தெரியப்போகுது?"

தூக்குவது சுலபம்.
பக்கத்துப் புல்லை எடுத்து அவன்மேல் பூசினால்
இரண்டு நிமிஷத்தில் ஆள் இருந்த இடம் புல்.
பூசியும் பார்த்தேன். மலை பொசுக்கென்று சின்னதாகிவிட்டது.
மொத்தமாகத் திருப்பினால் பாறை இடம் மாறும்.
அவன் பொய் சொல்லாத ஒரே இடம் அது.

ஆளை மட்டும் வெட்டி, திருப்பி ஒட்டினேன்.

இப்போது படத்து மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான்.
நீட்டிய கை கல்லாவைத் தாண்டி,
கண்ணாடி ஜன்னலைத் தாண்டி,
டவர் கம்பிகளுக்கும் டோல்கேட் விளக்குக்கும் பின்னால்
நிஜ மலைக்குப் போகிறது.
கல்லாவைக் காட்டுகிறான் என்று
திம்மராயப்பாவுக்கு ரொம்பச் சந்தோஷம்.
பேசியதற்குமேல் ஐந்நூறு கொடுத்தார்.

ஒரு தப்பு நடந்துவிட்டது.
நிழலோடு சேர்த்துத் திருப்பியிருக்கிறேன்.
மரம், மாடு, மலை, எல்லா நிழலும் இந்தப் பக்கம் விழ
அவன் நிழல் மட்டும் அந்தப் பக்கம்.
போகும்போதெல்லாம் பரோட்டா தின்றபடி அதையே பார்க்கிறேன்.
இதுவரை யாரும் கேட்கவில்லை.